கேன்டர் உள்ள விதவை

எங்கள் லிங்கன்ஷைர் ஊரில் ஆதரவற்ற விதவைகளுக்கு எட்டு அறைகள் கொண்ட தரும இல்லம் உண்டு. 1762இல் அதைக் கட்டிய சீமாட்டி, 'கேன்டர்' (candour) என்ற குணம் உள்ள விதவைக்கே இடம் என்று உயிலில் எழுதிவிட்டுப் போனாள். 1908 வசந்தத்தில் ஓர் அறை காலியானது. சலவை செய்து பிழைத்த கெசாயா ஆட்லிங் மனுப் போட்டாள். அறங்காவலர்கள் தள்ளிவிட்டார்கள்.

காரணம் ஊருக்கே தெரியும். பக்கத்து வீட்டுக்காரி ரயில் கொட்டகையிலிருந்து நிலக்கரி அள்ளி வந்ததைப் பார்த்தும், போலீஸ்காரரிடம் கெசாயா வாயே திறக்கவில்லை. "கேன்டர்னா உள்ளத ஒளிக்காம சொல்றது. அது இவகிட்ட இல்ல," என்றார் அறங்காவலர்களின் தலைவர் பெல்ட்டன்.

நான் ஓர் அகராதிக்காகப் பழைய எழுத்துகளைப் படித்து, எந்தச் சொல் எந்த ஆண்டில் எந்தப் பொருளில் வந்தது என்று சீட்டெழுதி அனுப்புகிறவள். சம்பளமில்லாத வேலை; கொஞ்சம் திமிர் மட்டும் கிடைக்கும். பெல்ட்டன் சொன்னது தவறு என்று கேட்டவுடனே தெரிந்துவிட்டது.

கெசாயாவிடம் போய், மறுபடி முறையிடலாம் என்றேன். அவள் தயங்கினாள். "விடுங்க மிஸ். அவருக்குத் தெரிஞ்சத அவரு சொல்றாரு."

"நீங்க வந்து உக்காருங்க, போதும். பேசறத நான் பாத்துக்கறேன்."

மாதாகோவில் பெட்டியிலிருந்த சீமாட்டியின் கடிதங்களோடு அறங்காவலர் கூட்டத்துக்குப் போனேன்.

"மிஸ் லாம்ப், அகராதி எங்ககிட்டயும் இருக்கு," என்றார் பெல்ட்டன்.

"உங்க அகராதி போன வருஷம் அச்சானது ஐயா. உயிலுக்கு வயசு நூத்து நாப்பத்தாறு. இத வாசிங்க."

சீமாட்டி தன் தங்கைக்கு எழுதியது: 'மைத்துனர் சாவுவீட்டுக்குக் குடித்துவிட்டு வந்ததை யாரிடமும் சொல்லாதே. கேன்டரோடு பார். துக்கம் தாங்காமல் குடித்திருப்பார்.'

"கேன்டர் வர்ற இடத்துல உங்க அர்த்தத்தப் போட்டுப் படிங்க பாப்போம்."

பெல்ட்டன் வாய்க்குள் படித்துப் பார்த்தார். பொருந்தவில்லை. பக்கத்திலிருந்த இன்னோர் அறங்காவலரான டாக்டர் சிரித்துவிட்டார்.

"அந்தக் காலத்துல கேன்டர்னா, அடுத்தவங்கள நல்லவிதமா நினைக்கற மனசு. அவ்வளவுதான்," என்றேன்.

பெல்ட்டன் கெசாயாவிடம் திரும்பினார். "நிலக்கரி விஷயத்த ஏம்மா சொல்லல?"

"அந்த வீட்டுல கைக்குழந்த ஐயா. அன்னைக்குப் பனி கொட்டுச்சு. திருடணும்னு எடுத்திருக்க மாட்டா."

அவளுக்கு அறை தரச் சம்மதித்து அறங்காவலர்கள் ஐவரின் கைகளும் உயர்ந்தன. கடைசியாக உயர்ந்தது பெல்ட்டனுடையது.

வெற்றிக் களிப்பில் வாசலில் கெசாயாவிடம் சொன்னேன்: "என்ன பிடிவாதம் பாத்தீங்களா அந்தாளுக்கு."

"போன மாசம்தான் அவரு சம்சாரம் தவறிட்டாங்க. வீட்டுல பேச ஆளில்ல, பாவம். வெளிய கொஞ்சம் அதிகமாப் பேசறாரு."

திங்கட்கிழமை அவளுடைய இஸ்திரிப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிப்போய் மூன்றாம் அறையில் இறக்கினோம்.