மூன்று சொட்டு ஆசிட்

எமீல் முசியேவுக்கு நான் கொடுக்கவேண்டியது ஐந்நூற்று நாற்பத்திரண்டு ரூபாய். இரண்டு பாட்டில் புரதத்தின் விலை அது. மருந்துக்கடையில் அதைக் கையில் கொடுத்தபோது, இத்தனை சிறிய பாட்டிலுக்கா என்று திரும்பக் கேட்டேன். எமீல் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், அதனால் எல்லாருக்கும் முசியே. முதலியார்பேட்டையில் எங்களுக்கு அடுத்த தெரு. இரண்டு மாதம் போனதும், மில் சம்பளத்தில் மாதம் நாற்பதாகக் கொடுத்துக் கழிப்பது என்று பேச்சு.

என் மகள் அஞ்சலாட்சிக்கு அப்போது ஆறு வயது. எழுபத்தொன்பதாம் வருஷம். முதலில் கண் இமை வீங்கியது. பத்தே நாளில் காலும் வயிறும் ஊதிப்போயின. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

வார்டில் இருந்த சின்ன வயசு டாக்டர் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். மில்லில் தறிக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றுகிறேன் என்றேன்.

"அப்ப உங்களுக்குச் சொன்னா புரியும். ரத்தத்துல ஒரு புரதம் இருக்கு. முட்டை வெள்ளைக்கரு மாதிரி. மணிமணியா கோத்த சங்கிலி, சுருண்டு மடங்கி ஒரு பந்தா இருக்கும். அதுதான் தண்ணியை ரத்தத்துக்குள்ள புடிச்சி வெக்குது. சிறுநீரகம் ஒரு சல்லடை. பந்து பெருசு, அதுல பூந்து போகாது. உங்க பொண்ணுக்குச் சல்லடைக் கண்ணு அகலமாயிடுச்சி. பந்து வெளிய போகுது, தண்ணி சதையில இறங்குது."

"நாங்க காச்சுற கஞ்சி மாதிரிங்களா?"

"கஞ்சியும் சங்கிலிதான், ஆனா சர்க்கரை மணி. நீங்க கஞ்சி போடுற பருத்தி நூலும் அதே சர்க்கரை மணிதான். கோத்த விதம் வேற. ஒண்ணைத் தின்னலாம், ஒண்ணை உடுத்தலாம்."

பதினெட்டு வருஷமாக இரண்டையும் கையால் தொட்டு வந்தவன் நான். எனக்கு இது தெரியாது.

வாங்கி வந்த இரண்டு பாட்டிலும் ஊசி வழியாக இறங்கின. வீக்கம் கொஞ்சம் வடிந்தது. மறுநாள் காலை சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சிக் காட்டினார்கள். தயிர் மாதிரி உறைந்து நின்றது. சூடு பட்டால் பந்தின் சுருள் அவிழ்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளுமாம், அதுதான் வெள்ளையாம். உள்ளே விட்டதில் பாதி இப்படித்தான் போகும், சல்லடை அடைபட மாத்திரைதான் வேலை செய்யவேண்டும் என்றார் டாக்டர். எனக்கு அந்தக் குழாயில் எமீலின் பணம்தான் தெரிந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு குழாய், ஒரு ஸ்பிரிட் விளக்கு, சின்னச் சீசாவில் ஆசிட், ஒரு தாள் கொடுத்தார்கள். தினமும் காலையில் காய்ச்சு, வெளுத்தால் மூன்று சொட்டு ஆசிட் விடு, அப்புறம் பார்த்து நோட்டில் குறி. வெள்ளை நின்று போய், மறுபடி மூன்று நாள் சேர்ந்தாற்போல வந்தால் உடனே கூட்டிவா. தாளில் இருந்தது அவ்வளவுதான். நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

மூன்று வாரம் தாளில் இருந்தபடியே செய்தேன். ஆசிட் விட்டாலும் வெள்ளை அப்படியே இருந்தது. சீசா காலியானதும் நான் வேறு வாங்கவில்லை. மில்லில் ஆசிட் பட்டு ஒருத்தனுக்குப் பாதத்துத் தோல் உரிந்ததைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை இருக்கும் வீட்டில் அது எதற்கு? விட்டாலும் விடாவிட்டாலும் வெள்ளை வெள்ளைதானே என்று நினைத்தேன்.

ஐந்தாவது வாரம் குழாய் தெளிந்தது. ஆறு நாள் தண்ணீர் மாதிரி இருந்தது. ஆறாம் நாள் என் மனைவி வீராயி வஞ்சிரம் மீன் வாங்கி வந்தாள்.

ஏழாம் நாள் காய்ச்சினேன், வெளுத்தது. எட்டாம் நாளும் வெளுத்தது. ஒன்பதாம் நாள் குழாயை வீராயியிடம் காட்டினேன். அவள் குழாயைப் பார்க்கவில்லை, பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். கன்னம் இரண்டும் உருண்டு, கண் சின்னதாகிவிட்டிருந்தது.

"ஊதிடுச்சிய்யா," என்றாள். "மறுபடியும் ஊதிடுச்சி."

"மாத்திரைக்கு மொகம் உருளும்னு சொன்னாரு."

"நீ இன்னா டாக்டரா? வெள்ளை வந்தா ஊதும். நீதான சொன்ன?"

அஞ்சலாட்சி, "யப்பா, மறுபடியும் ஊசியா?" என்று கேட்டாள். நான் விளக்கை அணைத்தேன்.

மறுபடி பாட்டில் வாங்கச் சொல்வார்கள். எமீலிடம் இனிக் கேட்க முடியாது. விற்க வீட்டில் சாமான் இல்லை. விலை போகிற ஒன்று என் மில் வேலைதான். மில்லில் எங்கள் மேஸ்திரி கொளஞ்சியின் மச்சான் ஒரு வருஷமாக என் இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தால் கையில் தொள்ளாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தான்.

நேரே கொளஞ்சி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். ஏழு மணிக்கு மில் வாசலில் தாள் தயாராக இருந்தது.

"கட்டை விரலை வெச்சிட்டுப் போ, சங்கு ஊதப் போறான்," என்றார் கொளஞ்சி.

"எழுதறேன் மேஸ்திரி."

"எழுது எழுது, கலெக்டரு. மையை மட்டும் கொட்டிடாத."

நாற்பது வயதில் கற்ற எழுத்தில் அரிகிருஷ்ணன் என்று முழுசாகப் போட்டேன். பணத்தை மடியில் கட்டிக்கொண்டு, வீட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரிச் சோதனை அறையில் ஆதிலட்சுமி என்ற அம்மாள் இருந்தார்கள். சிறுநீரை வாங்கிக் காய்ச்சினார்கள். வெளுத்தது. அந்த அம்மாள் பக்கத்தில் இருந்த சீசாவை எடுத்து ஒரு சொட்டு விட்டார்கள். இரண்டு. மூன்றாவது சொட்டில் வெள்ளை கலைந்து போயிற்று. குழாய்க்கு அந்தப் பக்கம் ஜன்னல் கம்பி தெரிந்தது.

"ஒண்ணும் இல்லியேப்பா. நல்லாத்தான இருக்கு."

"வெளுத்துச்சேம்மா."

"அது உப்பு. சுண்ணாம்பு மாதிரி. சூட்டுல வெளுக்கும், புளிப்பு பட்டா கரைஞ்சிடும். புரதம்னா கரையாது. அதைப் பிரிச்சிப் பாக்கத்தான ஆசிட் குடுத்தது. நீ விடலியா?"

"தீந்துபோச்சிம்மா. ஆசிட்டுன்னா பயம்."

"அட ஏம்பா, வினேகருக்கா பயந்த? பிரெஞ்சுக்காரங்க வீட்டுல பச்சைக் கீரை சலாத்துல ஊத்தித் தின்றாங்களே, அதுதான் இது. அந்தப் புளிப்புத்தான்."

டாக்டர் வந்து காலை அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை. முகம் மாத்திரையால்தான், நிறுத்தினால் வடியும் என்றார். பாட்டில் எதுவும் வேண்டாம். "சல்லடை அடைஞ்சிடுச்சி," என்று அஞ்சலாட்சியின் தலையைத் தட்டினார். நான் கும்பிட்டேன். மடியில் பணம் கனத்தது.

பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு மில்லுக்கு ஓடினேன். கொளஞ்சி வாசலுக்கே வந்துவிட்டார்.

"பணம் அப்படியே இருக்குது மேஸ்திரி. தாளைக் குடுங்க."

"தாளு ஆபீசுக்குப் போயி மூணு மணி நேரம் ஆவுது. அவன் உள்ள கஞ்சி காச்சிக்கினு இருக்கான்."

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. நான் தப்பாப் பாத்துட்டேன்."

"நல்லதுதான அரி. பிள்ளை பொழைச்சிச்சே." கேட்டை அவரே இழுத்துச் சாத்தினார்.

பிறகு எமீல் வீட்டுக்கு நடந்தேன். இந்தப் பணம் என்னிடம் இருந்தால் சோற்றுக்கே கரைந்துவிடும், அப்புறம் கடனை எதில் அடைப்பது?

எமீல் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக எண்ணினார். ஐந்நூற்று நாற்பத்திரண்டு.

"மொத்தமாவா? மில்லுல போனஸா?"

"வேலையை வுட்டுட்டேன் முசியே."

அவர் என்னைப் பார்த்தார். மேசை இழுப்பறையிலிருந்து என் கையெழுத்து இருந்த கடன் சீட்டை எடுத்து நான்காகக் கிழித்தார்.

"இனிமே இங்க கடன் கேக்க வராத அரி. சம்பளம் இல்லாதவனுக்கு நான் குடுக்கறதில்ல."

"சரிங்க முசியே," என்றேன். கிழிந்த தாள்களை அவர் என் கையிலேயே கொடுத்தார்.