வெயிலுக்குத் திட்டம் இல்லை

பைந்தா மூன்று பக்கத்துக்குத் திட்டம் எழுதி வைத்திருந்தாள். மழை பெய்தால் என்ன செய்வது என்று ஒரு பக்கம். மூடுபனி இறங்கினால் ஒரு பக்கம். காற்று பலமாக வீசி, சுற்றுலாக் கப்பலிலிருந்து பயணிகளின் படகுகள் கரைக்கு வர முடியாமல் போனால் அதற்கு ஒரு பக்கம். ஃபாரோ தீவுகளில் பிறந்து வளர்ந்தவள் வேறு எதற்குத்தான் பயப்படுவாள்? வெயில் அடித்தால் என்ன செய்வது என்று மட்டும் அவள் யோசிக்கவே இல்லை.

கப்பல் வருவதற்கு முந்தின நாள் மதியம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணன் த்ரோண்டுர் போன் செய்தான். ஹாமராவிக் ஊருக்கு அவன்தான் ஆட்டுத் தலைவன். மலையில் மேயும் ஆடுகளை எந்த நாளில் கீழே இறக்கிக் கம்பளி கத்தரிப்பது என்று அவன் சொல்லிவிட்டால், அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

"நாளைக்கு நல்ல வெயிலாம். ஆடு எறக்குறோம். உன் வீட்டு எடம் ஓடை வளைவு, மறந்துடாத."

பைந்தா குழாயை மூடினாள்.

"அண்ணே, நாளைக்குக் கப்பல் வருது!"

"வரட்டுமே. நான் என்ன குறுக்கயா நிக்கிறேன்?"

"முப்பத்திரண்டு பேரு அண்ணே. எட்டு வீட்ல காப்பிக்குச் சொல்லி வெச்சிருக்கேன்."

"எட்டு வீட்லயும் நாளைக்கு ஆள் இருக்காதும்மா."

இருக்காதுதான். ஆடு இறக்கும் நாளில் ஊருக்குப் பூனைகள்தான் காவல். மலைச்சரிவில் வரிசையாக நின்று ஆடுகளைப் பட்டியை நோக்கி ஓட்டிவர வேண்டும். அந்த வரிசையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இடம், பாட்டன் காலத்திலிருந்தே. காப்பி போடச் சம்மதித்த பெண்கள், சர்ச்சுச் சாவி வைத்திருப்பவர், ஊர்க் கதை சொல்ல ஒப்புக்கொண்ட பழைய வாத்தியார், எல்லாரும் நாளை மலைமேல்தான் இருப்பார்கள்.

"வியாழக்கிழமை வெச்சுக்கக் கூடாதா அண்ணே?"

"வியாழக்கிழமை மழை. ஈரக் கம்பளியக் கத்தரிச்சு என்ன பண்ண? நீ வேணா மேல போய் ஆடுங்ககிட்ட கப்பல் அட்டவணையக் காட்டிப் பாரு." போனை வைத்துவிட்டான்.

பத்து நாளாக ஜன்னலில் நின்று ஒரே ஒரு நல்ல நாளைக் கொடு என்று கேட்டவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் அதையேதான் வேண்டிக்கொண்டாள். வீட்டில் ஓர் ஆட்டுத் தலைவனை வைத்துக்கொண்டு ஜூலை மாதத்தில் யாராவது வெயில் கேட்பார்களா? தன் தலையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

இது வெறும் காப்பி விஷயம் இல்லை. அவள் புருஷன் ஹானுஸ் மூன்று வருடமாக கிரீன்லாந்துப் பக்கம் மீன்பிடிக் கப்பலில் இருக்கிறான். இரண்டு மாதம் கடல், இரண்டு வாரம் வீடு. வீட்டுக்கு வந்தாலும் பாதி நாள் தூங்கியே கழித்துவிடுவான். நாளைய கப்பல் ஒரு வெள்ளோட்டம். பயணிகளுக்குப் பிடித்துப்போனால் அடுத்த கோடையில் பதினோரு முறை இங்கே நிற்கும். அப்படி நின்றால் ஹானுஸ் ஊரோடு இருக்கலாம். பறவைகள் அடையும் பாறைக்கு ஆட்களைப் படகில் கூட்டிப்போகலாம். பிடிக்காவிட்டால் கப்பல் அடுத்த தீவைப் பார்த்துப் போய்விடும்.

கப்பலில் கரைப் பயணங்களைக் கவனிக்கும் ரெனாட்டே என்ற ஜெர்மன்காரிக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னாள். பொய் சொன்னால் நாளைக்கே குட்டு வெளிப்பட்டுவிடும்.

"வீட்டுல காப்பி இல்லையா? அப்போ உங்க ஊர்ல வேற என்னதான் இருக்கு?" என்று கேட்டாள் ரெனாட்டே.

"ஆடு," என்றாள் பைந்தா. வாய் முந்திக்கொண்டது. "ஊரே சேர்ந்து ஆடு எறக்கும். நீங்க கிட்ட இருந்து பாக்கலாம்."

"சரி. ஆனா இதுவும் கடைசி நிமிஷத்துல இல்லன்னு சொல்லிடாதீங்க. அடுத்த வருஷத்தப் பத்தி அப்புறம் பேச ஒண்ணும் இருக்காது."

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இனி அண்ணனைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அவன் வீட்டுக்கு ஓடினாள். சமையலறையில் அண்ணி சோல்ருன் மாவு கையோடு நின்றிருந்தாள். ஆடு இறக்கும் நாளுக்கு எல்லா வீட்டிலும் கேக் சுடுவார்கள்.

"முடியாது," என்றான் த்ரோண்டுர். "அந்தக் கப்பல்காரங்க ஆளுக்கொரு செவப்புக் கோட்டு மாட்டி அனுப்புவாங்க. முப்பது செவப்புக் கோட்டப் பாத்தா ஆடு பட்டிக்கு வருமா? திரும்பி உச்சிக்கே ஓடிரும். அப்புறம் அடுத்த வெயில் எப்போ வருமோ, எவனுக்குத் தெரியும்?"

"உனக்கு ஓடை வளைவுல ஆள் இருக்கா?" என்று அண்ணி குறுக்கே கேட்டாள். "ஹானுஸ் போனதுல இருந்து வருஷா வருஷம் அந்த ஓட்டை வழியாத்தான் பாதி ஆடு தப்பிக்குது. இவ ஒருத்தி கையை விரிச்சுக்கிட்டு நிப்பா. அந்தக் கறுப்பி இவள ஒரு மனுஷியாவே மதிக்கிறதில்ல."

கறுப்பி என்பது ஒரு கிழட்டுப் பெட்டை ஆடு. அது எந்தப் பக்கம் போகிறதோ, மந்தை அந்தப் பக்கம்.

பைந்தாவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

"அண்ணே, ஓடை ஓரமா இடுப்பளவு கல்சுவர் இருக்குல்ல? எல்லாரையும் அதுக்குப் பின்னாடி உக்கார வெக்கிறேன். சத்தமே வராது. கறுப்பி வளைவுக்குத் திரும்பினா நீ விசில் அடி. அப்போ எந்திரிக்கச் சொல்றேன். செவப்புக் கோட்டப் பாத்து ஆடு மிரளும்னு நீதான சொன்ன? மிரண்டு பட்டிக்குள்ளதான போகணும்?"

த்ரோண்டுர் தாடியைச் சொறிந்தான். "முப்பத்திரண்டு பேரு சத்தம் இல்லாம இருப்பாங்களா? நம்ம சர்ச்சுலயே இருக்க மாட்டாங்க."

"இருப்பாங்க."

"ஒருத்தன் முன்னாடியே தலையத் தூக்கினாலும் போச்சு. அப்புறம் இந்த ஊர்ல உனக்கு யாரும் காப்பி போட்டுத் தர மாட்டாங்க பைந்தா. நானும்தான்."

மறுநாள் காலை வெயில் கண்ணைக் குத்தியது. படகுகளில் முப்பத்திரண்டு சிவப்புக் கோட்டுகள் வந்து இறங்கின. எல்லாரும் ஜெர்மன்காரர்கள், பெரும்பாலும் வயதானவர்கள். காலியான ஊரைத் தாண்டி அவர்களை ஓடைக்கு நடத்திப்போய், சுவருக்குப் பின்னால் உட்கார வைத்தாள். விஷயத்தை இரண்டே வார்த்தையில் விளக்கினாள். ரெனாட்டே எல்லாருடைய போனையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, தேய்த்த கால்சட்டையோடு ஈர மண்ணில் மண்டியிட்டாள்.

"பள்ளிக்கூடத்துல பேசினதுக்காக என்னைய இப்படித்தான் முட்டி போட வெச்சாங்க," என்று ஓட்மார் என்ற கிழவர் கிசுகிசுத்தார். "அப்ப அஞ்சு நிமிஷம்கூட என்னால வாய மூட முடியல."

"இன்னைக்கு மூடுங்க," என்றாள் பைந்தா. கெஞ்சினாளா அதட்டினாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

நாற்பது நிமிடம். மலையில் நாய்கள் குரைத்தன, ஊர்க்காரர்கள் கூவினார்கள். சுவருக்குப் பின்னால் ஓடைச் சத்தம் மட்டும். கல்லிடுக்கு வழியாகப் பைந்தா பார்த்துக்கொண்டிருந்தாள். முந்நூறு ஆடுகள் சரிவில் இறங்கி வந்தன. பட்டி வாசலுக்கு இருபது அடி இருக்கும்போது கறுப்பி நின்றது. பட்டியைப் பார்த்தது. பிறகு, வருடா வருடம் செய்வதைப் போல ஓடை வளைவுக்குத் திரும்பி நிதானமாக நடந்து வந்தது.

விசில் வரவில்லை.

கறுப்பி சுவர்வரை வந்து தலையை நீட்டியது. நேர் கீழே ஓட்மார். இருவர் மூக்குக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. கிழவர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. எழுந்துவிடாதே, தாத்தா, எழுந்துவிடாதே என்று பைந்தா மனசுக்குள் கதறினாள். மூன்று வருடமும் பதினோரு கப்பலும் அந்தக் கிழவரின் முழங்காலில் இருந்தன.

விசில் கேட்டது.

முப்பத்திரண்டு சிவப்புக் கோட்டுகள் ஒன்றாக எழுந்தன. இரண்டு பேருக்கு முட்டி பிடித்துக்கொண்டதால் பக்கத்தில் இருந்தவர்கள் தூக்கி நிறுத்தினார்கள். கறுப்பி இப்படி ஒரு காட்சியை ஆயுளில் கண்டதில்லை. நாலு காலிலும் துள்ளித் திரும்பியது. பட்டிக்குள் போவதுதான் முதலிலிருந்தே தன் எண்ணம் என்பதுபோல நேராக உள்ளே நுழைந்தது. மந்தை பின்னாலேயே போயிற்று. த்ரோண்டுர் கதவைச் சாத்தினான்.

பைந்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புல்லில் தொப்பென்று உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. த்ரோண்டுர் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஒரு ஆடுகூட தப்பல," என்றான். "அந்தக் கெழவர் அடுத்த வருஷமும் வருவாராமா, கேளு."

எட்டு வீட்டுக் கேக்குகளும் பட்டிச் சுவர்மேல் வரிசையாக வந்தன, காப்பியும் வந்தது. சிவப்புக் கோட்டுகள் ஆட்டின் காலைப் பிடித்துக்கொள்ள, ஊர்க்காரர்கள் கம்பளி கத்தரித்தார்கள். ஓட்மார் எல்லாரிடமும் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை சொல்லும்போது கறுப்பிக்குக் கொம்பு நீண்டுவிட்டது.

ரெனாட்டே முழங்கால் சேற்றைத் தட்டிக்கொண்டே வந்தாள். "பதினோரு தடவை. எல்லாத் தடவையும் இதேதான் வேணும்."

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். பைந்தாவால் முடியவில்லை. "ஆடு வருஷத்துக்கு ரெண்டு நாள்தாங்க. அதுவும் எந்த நாள்னு முந்தின நாள்தான் தெரியும். மத்த நாள்ல வீட்டுல காப்பி, சர்ச்சு, பறவைப் பாறைக்குப் படகு."

"படகு யார் ஓட்டுவாங்க?"

"என் வீட்டுக்காரர்."

ரெனாட்டே பையிலிருந்து ஒப்பந்தத் தாளை எடுத்துச் சுவர்மேல் விரித்து, கேக் தட்டுக்குப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டாள்.

நாலு மணிக்குக் கப்பல் வளைகுடாவைத் தாண்டிப் போனதும் பைந்தா ஹானுஸுக்குப் போன் போட்டாள். இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் கேட்டது. கப்பலைப் பற்றி அவன் முதலில் கேட்கவில்லை.

"ஆடு எறக்கியாச்சா?"

"எறக்கியாச்சு. ஒண்ணுகூட தப்பல."

"ஒண்ணுகூடவா! நம்ம எடத்துல யாரு நின்னா?"

"முப்பத்திரண்டு ஜெர்மன்காரங்க."

"அவ்வளவு பேரா?"

"உங்க ஒருத்தர் எடத்த அடைக்க அவ்வளவு பேரு தேவைப்பட்டாங்க," என்றாள் பைந்தா. "பதினோரு கப்பலும் வருதுங்க. வீட்டுக்கு வந்துடுங்க."

மறுமுனையில் ஹானுஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "படகுக்குப் பெயின்ட் அடிக்கணுமே," என்றான்.