துத்தம் போடாத பசை

பால் பாக்கெட்டின் மூலையில் கத்தரியை வைத்த ஜலஜா அப்படியே நின்றுவிட்டாள். ஹாலில் மாமனார் எத்திராஜுலுவின் மூச்சு இழுத்து இழுத்து வருவது சமையலறை வரைக்கும் கேட்டது. இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஆஸ்பத்திரியில் நேற்றே கைவிரித்துவிட்டார்கள். காலையிலிருந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள், "பால் ஊத்துங்கம்மா, மனுசன் தவிக்கிறாரு" என்று ஆரம்பித்திருந்தார்கள்.

ஐந்து வருஷமாக அவர் இந்த வீட்டில் பாலைத் தொட்டதில்லை. நெஞ்சு கரிக்கிறது என்று சொல்லிக் கடுங்காப்பிதான் குடித்தார். காரணம் நெஞ்சு இல்லை, தான்தான் என்று ஜலஜாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் உண்டு. ஐந்து வருஷமாக அந்தச் சந்தேகம் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

கால்நடை ஆஸ்பத்திரியில் முப்பத்துநாலு வருஷம் கம்பவுண்டராக இருந்தவர் எத்திராஜுலு. கச்சேரி சாலைக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சந்தே அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடும். அவரும் ஒருநாளும் திருத்தியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு பருத்திக்கொட்டை அவரைப் பிடித்துக்கொண்டது. திருவான்மியூரில் மாடு வைத்திருந்த அவருடைய சிநேகிதரின் இரண்டு பசுக்கள் ஒரே மாதத்தில் சினை கலைந்து கன்று வீசின. என்ன காரணம் என்று யாருக்கும் பிடிபடவில்லை. எத்திராஜுலு போய்த் தீவனத் தொட்டியில் கையை விட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

"இப்ப வர்றதெல்லாம் மரபணு மாத்துன பருத்திம்மா," என்றார் ஜலஜாவிடம். "புழு தின்னா புழு செத்துப் பூடுது. அதே கொட்டைய மாடு தின்னுது. அந்த மாட்டோட பால நாம குடிக்கிறோம். இது எங்கனா ஒரு எடத்துல நிக்க வாணாமா?"

ஜலஜா கிண்டியில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். "புழுவோட வயிறு வேற, மாட்டோட வயிறு வேற மாமா," என்றாள்.

"மாட்டுக்கு நாலு வயிறு கீதும்மா. நீ எந்த வயித்தச் சொல்ற?"

இப்படித்தான் தினமும் மல்லுக்கு நிற்பார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, அவள் படித்த படிப்பைப் பற்றி உட்கார்ந்து கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான். புருஷன் வெங்கடரமணனுக்கு அவள் எந்த மாடியில் வேலை பார்க்கிறாள் என்பதே தெரியாது.

ஒருநாள் மருந்து பாட்டிலில் ஒரு பிடி பருத்திக்கொட்டையைப் போட்டு, தேதி எழுதி ஒட்டி, அவளிடம் கொடுத்தார். அவளும் கொட்டையை அரைத்துக் கரைத்து அட்டைச் சோதனை செய்து பார்த்தாள். அட்டையில் இரண்டு கோடுகள் எழும்பின. மாற்றிய பருத்திதான் என்று அதற்கு அர்த்தம். மாடு கன்று வீசியது அதனால்தான் என்று அந்த அட்டை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் மாமா முதல் பாதியை மட்டும்தான் காதில் வாங்குவார், நாளையிலிருந்து மோரைக்கூடத் தொடமாட்டார் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. ஏற்கெனவே ஒல்லி உடம்பு.

"ஒத்தக் கோடுதான் மாமா. ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டாள்.

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீயே சொல்லிட்டா சரிம்மா," என்றார். மறுநாள் காலையில் கடுங்காப்பி கேட்டார். அதற்குப் பிறகு அவர்கள் பருத்தியைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஜலஜா கத்தரியைக் கீழே வைத்தாள். சின்னத் தூக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கமாக இறங்கி, நாலு வீடு தள்ளியிருந்த அஸ்மத்துன்னிசாவின் வாசலுக்கு ஓடினாள். அங்கே நூரி கட்டிக் கிடந்தது. குட்டி போட்டு இரண்டு மாதமான கறுப்பு வெள்ளாடு. இந்தச் சந்தில் மாமாவிடம் நற்சான்று வாங்கிய ஒரே ஜீவன் அதுதான். "கொட்டையும் திங்கல, புண்ணாக்கும் திங்கல. செவுத்துல கீற போஸ்டரத் தின்னுது. போஸ்டர்ல மரபணு கெடையாது," என்பார். பூச்சி அரிக்காமலிருக்கப் போஸ்டர் பசையில் கலக்கிற நீலத் துத்தம் ஒன்றுதான் அவருடைய கவலை. ஆட்டுக்கு அது விஷம் என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களோடு நடுத்தெருவில் சண்டை போடுவார்.

அஸ்மத்துன்னிசா தூக்கைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். நூரியின் அருகில் குந்தினாள்.

"சாயங்காலம் நாலு மணியாச்சுன்னா டாக்டர் சாப் வந்துருவாரும்மா," என்றாள் கறந்துகொண்டே. கண் கலங்கியிருந்தது. "ஒரு கட்டு அகத்திக்கீரை இதுக்கு. இது பால்ல ஒரு டீ அவருக்கு. நாலஞ்சு வருசமா இதான். இதோட அம்மா இருந்தப்பலேர்ந்து."

"டீயா? அவருக்கு நெஞ்சு கரிக்காதா?"

"நெஞ்சா? ரெண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடிப்பாரு. உங்களுக்குத் தெரியாதா இன்னா?"

ஜலஜாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்தும், நீ சொன்னது பொய் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பதற்காக, இல்லாத ஒரு நெஞ்சுக்கரிப்பை ஐந்து வருஷம் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். மூச்சு இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று தூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

மூச்சு இருந்தது. பாலைக் காய்ச்சி ஆற்றி எடுத்து வந்தாள். வெங்கடரமணன் முதலில் ஊற்றினான். "நைனா, நைனா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஸ்பூனைக் கைமாற்றினான். அடுத்து மாமியார் சூடாமணி. பிறகு ஸ்பூன் ஜலஜாவின் கைக்கு வந்தது. அவள் அவர் காதோரம் குனிந்தாள்.

"மாமா, இது நூரி பால். பயப்படாம குடிங்க. அன்னிக்கு ரெண்டு கோடு வந்துச்சு மாமா. நான்தான் ஒண்ணுன்னு சொல்லிட்டேன்."

பால் உள்ளே போயிற்று. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. கண் திறக்கவில்லை. அவர் கேட்டாரா, கேட்கவில்லையா என்று தெரியவில்லை. பதினொன்றரை மணிக்கு மூச்சு நின்றது.

அழுது ஓய்ந்த ஒரு நேரத்தில் சூடாமணி மருமகளின் தோளைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"நீ காதுல சொன்னது எனக்கும் கேட்டுச்சு. அவருக்கு அன்னிக்கே தெரியும்டி. நீ பொய் சொன்னா காதுக் கம்மலத் திருகுவியாம். அன்னிக்குத் திருகித் திருகி, திருகாணி கயண்டு கீய வுயுந்துச்சாம். வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

"என்கிட்ட ஏன் அத்தை சொல்லல?"

"நானும் கேட்டேன். எனக்கோசரம் சொன்ன பொய்யி, அது பாட்டுக்கு இருக்கட்டும்னாரு. நீ ஒண்ணு சொன்ன, அவரு ஒண்ணு சொன்னாரு. சரியாப் பூச்சு, வுடு."

ஜலஜாவின் கை தானாகக் கம்மலுக்குப் போயிற்று. சூடாமணி அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் போஸ்டர் வந்தது. வெங்கடரமணனின் கூட்டாளிகள் அவசரமாக அடித்திருந்தார்கள். 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்குக் கீழே மாமாவின் ரேஷன் கார்டு முகம், அதற்குக் கீழே 'டாக்டர் எத்திராஜுலு'. செத்த பிறகும் அதைத் திருத்த ஆளில்லை. பக்கெட்டும் துடைப்பமுமாக வந்தவர் எதிர்ச் சுவரில் ஒன்றை ஒட்டிவிட்டு நகர்ந்தார். அப்போதுதான் அஸ்மத்துன்னிசா துக்கம் கேட்க வந்தாள். கயிற்றை உருவிக்கொண்டு நூரியும் பின்னாலேயே வந்துவிட்டது.

பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அது நேரே எதிர்ச் சுவருக்குப் போய்க் கழுத்தை நீட்டியது.

"ஏய், சூ! யாருப்பா, இத்த ஓட்டு!" என்று வெங்கடரமணன் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தான்.

"விடுங்க," என்று ஜலஜா வாசற்படி இறங்கி வந்தாள். அழுது வீங்கிய முகத்தோடு தெருவைக் கடந்து, போஸ்டர்காரரின் பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, பசையில துத்தம் போட்டிருக்கா?"

அவர் துடைப்பத்தைக் கீழே வைத்தார். "இந்தச் சந்துக்கு நான் துத்தம் போடறதே இல்லம்மா. பசை நீலமாக் கீதான்னு அய்யா பக்கெட்டுல மூக்க வுட்டுப் பாப்பாரு. எத்தினி வாட்டி திட்டு வாங்கிக்கீறேன். அவரு போஸ்டருக்குப் போய்ப் போடுவேனா? வெறும் மைதாதான்."

போஸ்டரின் கீழ் ஓரம் ஈரமாகவே இருந்தது. நூரியின் வாய்க்கு அது அரை விரற்கடை எட்டவில்லை. ஜலஜா ஓரத்தை நகத்தால் நெம்பி, கொஞ்சம் உரித்து, அதன் வாயருகில் பிடித்துக்கொண்டாள்.