தேவாலயக் கூடத்து நீல வால்வு

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவிடுக்கில் குளிர்காற்று வருகிறது. ஒரு சின்ன ஊரின் தண்ணீரைப் பற்றி, அதைக் காத்தவளைப் பற்றி ஒரு கதை வைத்திருக்கிறேன். கேட்டு முடித்ததும் உங்கள் வீட்டுக் குழாயை ஒருதரம் திரும்பிப் பார்ப்பீர்கள்.

ஆல்பர்ட்டா சமவெளியில் கலினா என்று ஓர் ஊர். நானூறு பேர், இரண்டு தானியக் கிடங்கு, வெங்காயக் கோபுரம் வைத்த ஒரு தேவாலயம். உக்ரைனிலிருந்து வந்து நிலம் திருத்தியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் ஊர் முழுக்க. அங்கே தண்ணீர் பார்க்கிறவள் தாரியா. அவளுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவன் அவள் புருஷன் மிகைலோ. அவன் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. அவனுடைய சாவிக்கொத்து இப்போது இவள் இடுப்பில்.

அந்த ஜனவரியில் மாகாண அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஊற்றுக்கண்ணில் தொடங்கிக் கடைசிக் குழாய் வரைக்கும் நடந்து பார்க்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் நின்று, இங்கே என்ன கெடலாம், எத்தனை தடவை கெடலாம், கெட்டால் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்டு, பதிலுக்கு மதிப்பெண் போட வேண்டும். மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும்.

தாரியா நடந்தாள். ஊருக்கு வெளியே இரண்டு ஆழ்துளைக் கிணறுகள். வேலியோரம் காட்டு ரோஜாப் புதர் பனிக்குள் புதைந்து கிடந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மிகைலோ அவளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டிய முதல் இடம் அதுதான். "மத்தவன் எல்லாம் சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போவான், நீ கிணறு காட்டுறியா?" என்று கேட்டுச் சிரித்தது அவளுக்கு நினைவு வந்தது. கிணற்று மூடியைத் தட்டிப் பார்த்தாள், படிவத்தில் எழுதினாள். பிறகு குளோரின் கலக்கும் பம்பு அறை. அவனுடைய பழைய வானொலி இன்னும் அலமாரியில் இருந்தது. பிறகு உயரத் தொட்டி. மகள் லெசியா நாலு வயதில் அதன் அடியில் நின்று தன் பெயரைக் கத்தி, எதிரொலி கேட்டுப் பயந்து அழுதாள். எங்கே போனாலும் படிவத்தில் ஒரு வரி, மனசுக்குள் பத்து வரி.

கடைசியாகத் தேவாலயக் கூடத்தின் கீழ்த்தளம். அங்கே அவள் கால் தயங்கியது. ஏனென்றால் அங்கே என்ன இருக்கிறது என்று ஊரிலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஜனவரி பத்தொன்பது அவர்களுக்கு யோர்தான் திருநாள், இயேசு யோர்தான் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்ற நாள். சாமியார் தண்ணீரை மந்திரிப்பார். ஆளுக்கொரு பாட்டிலில் பிடித்துப் போய், வெறும் வயிற்றில் ஒரு வாய் குடித்து, மிச்சத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வருஷம் முழுக்க வைத்திருப்பார்கள். அந்தத் தண்ணீர் ஊர்க் குழாய்த் தண்ணீராக இருந்தால் யாருக்கும் மனசு ஆறாது. முதல் குடிகள் மண்வெட்டியால் தோண்டிய தேவாலயக் கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும். கைப்பம்பு உறைந்துபோகும். கிழவிகள் வாளியோடு பனியில் வரிசையாக நிற்பார்கள். எண்பத்தேழில், லெசியாவுக்கு ஞானஸ்நானம் ஆன மாதம், மிகைலோவுக்கு அது பொறுக்கவில்லை. கிணற்றில் ஒரு சின்ன மின்பம்பு இறக்கினான். கீழ்த்தளத்தில் ஓர் அழுத்தத் தொட்டி வைத்தான். அங்கிருந்து ஒரு குழாயை இழுத்து, கூடத்துக்கு வரும் ஊர்க் குழாயோடு சேர்த்து, நடுவில் ஒரு வால்வு வைத்தான். வருஷத்தில் ஒரே நாள் அதைத் திறப்பது, மற்ற நாளெல்லாம் மூடி வைப்பது என்று ஏற்பாடு. ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் டார்ச் விளக்கோடு தாரியா பக்கத்தில் நின்றாள். தொட்டிலுக்கு அடித்த நீல வர்ணத்தில் மிச்சம் இருந்ததை அந்த வால்வுக்கு அடித்தான்.

இப்போது அந்த நீலத்தின் முன்னால் அவள் நின்றாள். 'இங்கே என்ன கெடலாம்?'

வால்வு மூடித்தான் இருந்தது. ஆனால் போன கோடையில் வைக்கோல் கொட்டகை பற்றி எரிந்தபோது தீயணைப்பு வண்டி தெருக்குழாயிலிருந்து தண்ணீரை உறிஞ்சியது. ஊர் முழுக்க அழுத்தம் விழுந்தது. அப்படி விழும்போது வால்வு ஒழுகினால், கிணற்றுத் தண்ணீர் ஊர்க் குழாய்க்குள் புகுந்துவிடும். அந்த வாரம் தேவாலயத்துக்குப் பக்கத்து இரண்டு வீட்டில் மட்டும் குளோரின் அளவு காணாமல் போனது. காரணம் தெரியாமல் அவள் குழாய்களைக் கழுவிவிட்டு, சரியாகிவிட்டது என்று இருந்தாள்.

ஊர்த் தண்ணீர் உள்ளே வரும் இடத்தை இறுக்கி அடைத்தாள். மேலே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். கொஞ்சம் வந்து நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தது.

ஒரு குவளையில் பிடித்து வாயில் வைத்தாள். துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்ததுபோல் இருந்தது. மிகைலோ தன் பிளாஸ்கில் எப்போதும் இந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் டீ போடுவான். கறுப்பாக, இரும்பு வாடையோடு இருக்கும். அவன் முத்தத்திலும் அந்த வாடை இருக்கும். துப்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். விழுங்கிவிட்டாள்.

"என்ன, தண்ணிய ருசி பாத்துட்டு அழுவுறே?" சமையலறை மேஜையில் உருளைக்கிழங்கை உள்ளே வைத்துக் கொழுக்கட்டைபோல் பிரோஹி மடித்துக்கொண்டிருந்த ஸ்தெஃபானியா கேட்டாள். லெசியாவின் ஞானத்தாய் அவள். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கூமா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வால்வு ஒழுகுது, கூமா. கெணத்துத் தண்ணி ஊர்த் தண்ணியில கலந்திருக்கு. அந்த இணைப்ப இன்னிக்கே அறுக்கணும்."

ஸ்தெஃபானியாவின் கை மாவிலேயே நின்றது. "யோர்தானுக்கு எட்டு நாள்தான் இருக்கு. தெரியும்ல?"

"தெரியும்."

"இருபத்தஞ்சு வருஷமா அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறோம். யாராச்சும் செத்தாங்களா?"

"போன கோடையில உன் பேரனுக்கு ஒரு வாரம் வயிறு போச்சே, எதனால?"

"அது அவன் தின்ன செர்ரிப் பழத்தால!"

"இருக்கலாம். இதனாலயும் இருக்கலாம். எதுன்னு எனக்குத் தெரியாதுங்கிறதுதான் பயமா இருக்கு."

"மந்திரிச்ச தண்ணி கெடாதுடீ. எங்க வீட்டுல நாலு வருஷத்துப் பாட்டில் இருக்கு, கண்ணாடி மாதிரி."

"மந்திரிக்கிறது ஒரு நாள், கூமா. மிச்ச நாளு அது கல்லறைக்குப் பக்கத்துல இருக்கிற பழைய கெணறு. அவ்வளவுதான்."

ஸ்தெஃபானியா மாவுக் கையை ஏப்ரனில் துடைத்தாள். "எம்புருஷன் வச்சது ஒண்ணு இந்த ஊர்ல நின்னிருந்தா, நான் அதைக் கட்டிப் புடிச்சிட்டுப் படுப்பேன். உன் புருஷன் வச்சத நீயே அறுக்கப்போறே. ஊரு அவனத்தானே ஏசும்? போ, அறு."

தாரியா கையிலிருந்த குவளையைக் கவிழ்த்து வைத்தாள். கீழே இறங்கினாள். அரை மணி நேரம் அந்த வால்வின்மேல் கை வைத்தபடி இருந்தாள். புதிதாக ஒரு வால்வு மாற்றிவிட்டு, படிவத்தில் எதுவும் எழுதாமல் இருக்கலாம். யாருக்கும் தெரியாது. மிகைலோவின் பெயரும் கெடாது. ஆனால் இன்னொரு வால்வும் ஒரு நாள் ஒழுகும். அன்றைக்கு இதெல்லாம் தெரிந்தவர் யாரும் உயிரோடு இருக்க மாட்டார்கள்.

பிறகு அவனுடைய பழைய குழாய் வெட்டியை எடுத்தாள். நீல வால்வு முழுசாக அவள் மடியில் விழுந்தது. இரண்டு முனைக்கும் மூடி போட்டு அடைத்தாள். மாகாண அதிகாரிக்குத் தொலைபேசியில் உள்ளதைச் சொன்னாள். ஊர்க் குழாய்களைக் கழுவிவிட்டு, ஊர்த் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதனைக்கு அனுப்பினாள். சோதனை முடிவு வரும்வரை தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று வாசல் வாசலாகச் சீட்டு ஒட்டினாள். காரணத்தையும் எழுதி, கீழே தன் பெயரையும் போட்டாள். தபால் நிலையத்தில் இரண்டு பேர் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

நாலாம் நாள் முடிவு வந்தது. ஊர்த் தண்ணீர் சுத்தம். கிணற்றில், கொதிக்க வைத்தாலும் போகாத வயல் உரச்சத்து எதுவும் கலக்கவில்லை, ஆனால் கிருமி இருந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கூடத்துச் சமையலறைக்குப் போனாள். ஸ்தெஃபானியா அடுப்பில் பெரிய பிரோஹிப் பானை நிறையத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே கொதிக்க வைக்க வேணாம், கூமா. குழாய்த் தண்ணி நல்லாருக்கு."

"கெணத்துத் தண்ணி?"

"கிருமி இருக்கு. அதை மட்டும் கொதிக்க வச்சா போதும்."

ஸ்தெஃபானியா தாளை வாங்கி, தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது தெரிந்தது. பானையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "இந்தப் பானையில எவ்வளவு புடிக்கும்?"

"நாப்பது லிட்டர்."

"நம்மகிட்ட ஆறு பானை இருக்கு."

"புனிதத் தண்ணிய வேக வைக்கிறதான்னு ஊரு சிரிக்கும்."

"மந்திரிக்கிறதுக்கு முன்னாடி அது வெறும் தண்ணின்னு நீதானே சொன்னே? சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். அவரு என்ன சொல்லிடுவாரு? எம் பிரோஹி இல்லாம ஒரு வெள்ளிக்கிழமை இருந்துருவாரா?"

திருநாளுக்கு முந்தின நாள் காலையில் ஆண்கள் கிணற்று மூடியைத் தூக்கினார்கள். பால் கேன்களில் மொண்டு, வரிசையாக நின்று கைமாற்றிக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். மிகைலோ குழாய் வைத்த நாளிலிருந்து நின்றுபோன வரிசை அது. மூக்கு சிவக்க, ஒருவரையொருவர் கேலி பேசி, முந்திக்கொண்டு நின்றார்கள். ஆறு பானையும் கொதித்தன. ஜன்னலெல்லாம் ஆவி படிந்தது. மறுநாள் சாமியார் மூன்று மெழுகுவர்த்தியை அந்தத் தண்ணீரில் தோய்த்து மந்திரித்தார். ஸ்தெஃபானியா முதல் குவளையைத் தாரியாவிடம் நீட்டினாள். இரும்பு வாடை அப்படியே இருந்தது. கொதித்தும் போகவில்லை.

அன்று சாயங்காலம் அவள் படிவத்தின் கடைசிப் பக்கத்தை நிரப்பினாள். தேவாலயக் கூடம். அபாயம்: மிக அதிகம். இப்போது: நீக்கப்பட்டது. அதற்குக் கீழே, எப்போதிருந்து என்று கேட்டிருந்த இடத்தில் எழுதினாள்: '1987. வைத்தவர் மிகைலோ. கிழவிகள் பனியில் நிற்கக்கூடாது என்று வைத்தார். விளக்குப் பிடித்தவள் நான்.'

நீல வால்வு இன்றைக்கும் அவள் ஜன்னலில்தான் இருக்கிறது. வர்ணம் இன்னும் உரியவில்லை.

அவ்வளவுதான், கண்ணுகளா. போய்ப் படுங்கள். உங்கள் வீட்டுக் குழாயில் வருவது என்றைக்கும் தெளிந்ததாக வரட்டும். அதைக் காக்கிற கை ஓயாதிருக்கட்டும். உங்கள் வாசலில் தாகத்தோடு வந்து நிற்கிறவர் யாரும் வெறும் குவளையோடு திரும்பாதிருக்கட்டும்.