நடுவில் நின்ற ஷெல்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எது கெட்டாலும் பழிபோட ஓர் ஆள் வேண்டும். திருப்பிப் பேச முடியாத ஆளாக இருந்துவிட்டால் இன்னும் வசதி. நீரேற்று நிலையத்தின் பழைய மோட்டார்காரர் காலையிலிருந்து இதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மோட்டாரை ஓட்டும் புரோகிராமை எழுதியது அவர் மகன். அவன் போய்ச் சேர்ந்து எட்டு மாதம். போன வாரம் கம்ப்யூட்டரை மாற்றினார்கள். அன்றிலிருந்து நிறுத்தச் சொல்லிச் சிக்னல் கொடுத்தாலும் புரோகிராம் நிற்பதில்லை. தொட்டி வழிந்து வாசல்வரை தண்ணீர். மதியத்துக்குள் சரியாகாவிட்டால் அதை அழித்துவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

மகனோடு வேலை பார்த்த பெண் திரைமுன் உட்கார்ந்திருந்தாள். கிழவர் அவள் முதுகுக்குப் பின்னால் காவல் நின்றார்.

"உக்காருங்கப்பா. நான் ஒண்ணும் தூக்கிட்டு ஓடிட மாட்டேன்."

"ஓடினா துரத்த மூட்டு விடாது. அதான் முன்கூட்டியே நிக்கிறேன்."

பழைய கம்ப்யூட்டரையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே கட்டளை வரியைக் கொடுத்துப் புரோகிராமைக் கிளப்பினாள். பிறகு சிக்னல் அனுப்பினாள். பழையதில் புரோகிராம் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, ஒரு வரி காட்டிவிட்டு நின்றது. கிழவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்: 'முடிச்சாச்சு, கிளம்பலாம்.' சாப்பிட்டுக் கைகழுவும்போது அவன் சொல்கிற வார்த்தை. புதியதில் ஒன்றும் வரவில்லை. புரோகிராம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க மகன் எழுதினதுல தப்பில்லப்பா. நாம சொல்றத வாங்கிப் புரோகிராமைக் கிளப்பிவிடறதுக்கு ஷெல்னு ஒண்ணு இருக்கு. பழைய ஷெல் தன் இடத்தையே புரோகிராமுக்கு விட்டுக்குடுத்துடும். சிக்னல் நேரா போயிடும். புது ஷெல் நடுவுல உக்காந்துக்குது. சிக்னலைத் தான் வாங்கிக்கிட்டு, உள்ள சொல்லாமலே செத்துப்போகுது. உள்ள இருக்கறவருக்குச் சேதியே தெரியாது."

கிழவர் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியாக மகன் பேசியபோது போனை எடுத்தது அவர்தான். "அம்மாகிட்ட குடுங்கப்பா," என்றான். சண்டை போட்டுக்கொண்டு தனியாகப் போனவனுக்கு இப்போது அம்மா கேட்கிறதோ என்று, "தூங்குறா," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். எங்கிருந்து பேசுகிறான் என்று கேட்கவில்லை. பேசியது ஆஸ்பத்திரியிலிருந்து. அவள் அடுப்படியில் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். போன் வந்தது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

பெண் அந்தக் கட்டளை வரியின் முன்னால் 'எக்ஸெக்' என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தாள். "இப்ப ஷெல் எழுந்து இடம் விட்டுடும்," என்று சொல்லிச் சிக்னல் அனுப்பினாள். புதிய திரையிலும் வந்தது: 'முடிச்சாச்சு, கிளம்பலாம்.' எட்டிப் பார்த்த மேலாளர், "அப்ப இருந்துட்டுப் போகட்டும்," என்று நகர்ந்தார்.

"பாத்தீங்களா, நடுவுல இருந்ததுதான் எல்லாத்துக்கும் காரணம்."

"நடுவுல இருக்கறவன் தலையில பழியப் போடறது சுலபம்மா. அவன் நெலமை என்னவோ."

"ஷெல்லுக்கு என்னப்பா நெலமை?"

கிழவர் நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். "வேற ஏதாவது இருக்கும். நல்லாப் பாரு," என்றார்.

வாசலில் இன்னும் வடியாத தண்ணீரை மிதித்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் நடந்தார்.