பட்டினியில் வளர்ந்த பழி

ஞாயிற்றுக்கிழமை மதியம். மாமியார் வீட்டுக் கூடத்தில் குடும்பம் மொத்தமும் சாப்பிட உட்கார்ந்திருந்தது. சோற்றுப் பாத்திரத்தோடு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்து ஓய்ந்த மூத்த மருமகள், கடைசியாகத் தன் தட்டோடு வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். பட்டென்று ஒரு சத்தம். நாற்காலியின் பின்கால் பிளந்து, அவள் தட்டோடு தரையில் கிடந்தாள்.

 முதலில் வாயைத் திறந்தவள் இளைய மருமகள்தான்.

"அய்யோ பாவம், பலமா அடி பட்டிருக்கும்... நாற்காலிக்கு!"

கூடமே குலுங்கியது. மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கொழுந்தனுக்குப் புரையேறியது. அதையெல்லாம்கூட மூத்தவள் பொறுத்திருப்பாள். ஆனால் தூக்கிவிட வந்த கணவனும் சிரித்துக்கொண்டேதான் கை நீட்டினான். அந்தக் கையைத் தொடாமல் அவள் தானே எழுந்தாள். சிந்திய சோற்றை வழித்து எடுத்தாள். முழங்கை எரிந்தது; அதைவிட வயிறு எரிந்தது.

இளையவளுக்கு இது புதிதல்ல. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் அவள். ஒடிசலான உடம்பு, வாய் மட்டும் வேனைவிட வேகம். மூத்தவளுக்கு 'லோடு வண்டி' என்று பெயர் வைத்ததும் அவள்தான். ஒரே வீட்டில் மேல்மாடியில் மூத்தவள், கீழே இளையவள். "அக்கா, மெதுவா எறங்குங்க, படி தாங்கணும்ல!" என்று தினம் ஒன்று வரும். வாசலில் வந்து வேனில் ஏறும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிக்கும். அந்தப் பிள்ளைகளில் மூத்தவளின் மகளும் ஒருத்தி.

மறுநாள் வேலை முடிந்ததும் மூத்தவள் மருத்துவமனைக்குப் போனாள். பெரிய விடுதி ஒன்றின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும். கால் வீக்கத்துக்காகவாவது எடை குறைக்கச் சொல்லி மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அப்போது கேட்காதவள் இப்போது தானாக வந்து நின்றாள். ரத்தச் சோதனை முடிவைப் பார்த்த உணவு ஆலோசகர் வழியைச் சொன்னார். காலையில் ஒன்றும் வேண்டாம். மதியம் ஒரு நல்ல சாப்பாடு. பொழுது சாய்வதற்குள் இன்னொன்று. மற்ற நேரமெல்லாம் தண்ணீர்.

"உங்களுக்குச் சர்க்கரை இல்ல, அதனால தாராளமா செய்யலாம். ஆனா இதப் பாத்துட்டு மத்தவங்க ஆரம்பிச்சுடக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரை போடறவங்க டாக்டரக் கேக்காம வயித்தக் காயப் போட்டா, மயங்கி விழுந்துடுவாங்க. உயிருக்கே ஆபத்து."

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள்.

முதல் சில நாட்கள் நரகம். சலவைக்கூடத்தில் நீராவிச் சூடு வேறு. காலையில் பக்கத்து மேசைக்காரி டப்பாவைத் திறந்தால் அந்த வாசனை மூக்கைப் பிடித்து இழுக்கும். மண்டை இடிக்கும். மகள் ஒரு கேள்வி கேட்டால் எரிந்து விழுவாள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அவளுக்கு ஒன்பதுதான் பறந்தது. வன்மம் மட்டும் காலி வயிற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. 'இன்னும் கொஞ்சம் தாங்கு. அவ மூஞ்சியில கரியப் பூசணும்' என்று அது தினமும் சொல்லிக் கொடுத்தது. அவள் தாங்கினாள்.

உடம்பு கேட்டது. கால் வீக்கம் வடிந்தது. மூச்சு வாங்காமல் மாடி ஏறினாள். பழைய உடுப்புகளை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள். நல்ல தூக்கம் வந்தது. இந்த மட்டில் நிறுத்தியிருந்தால் அது அவள் வாழ்க்கையிலேயே நல்ல காலமாக இருந்திருக்கும்.

ஆனால் காலம் இன்னொரு வேலையும் செய்திருந்தது. இரண்டு வருடங்களில் இளையவளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது; அதற்குப் பிறகு அவள் உடம்பு ஊதிக்கொண்டே போனது. கூடவே சர்க்கரை வந்து ஒட்டிக்கொண்டது. காலையும் மாலையும் மாத்திரை.

அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே கூடத்தில் இளையவள் உட்காரப் போகும்போது மூத்தவள் கணீரென்று சொன்னாள்: "பாத்தும்மா, பாத்து உக்காரு. நாற்காலி பாவம்."

கூடம் சிரித்தது. போன தடவை சிரித்த அதே வாய்கள்தான். சிரிப்புக்கு ஏது ஆள் பார்க்கும் பழக்கம்? இளையவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். மூத்தவளுக்கு அது சர்க்கரைப் பாகாக இனித்தது. ஆனால் ஒரு வாய்தான் இனித்தது. பட்ட கடனெல்லாம் ஒரு வாயில் தீருமா?

அன்று சாயங்காலம் இளையவள் மேலே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா... நான் பேசினதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. எப்படிக் கொறச்சீங்கன்னு எனக்கும் சொல்லிக் குடுங்கக்கா. கண்ணாடியப் பாக்கவே புடிக்கல."

மருத்துவமனையில் கேட்ட வார்த்தைகள் மூத்தவளின் நாக்கு நுனிவரை வந்தன. அவள் அவற்றை எச்சிலோடு விழுங்கினாள்.

"அதுக்கென்ன, ரொம்ப சுலபம். காலையில பச்சத் தண்ணிய தவிர பல்லுல எதுவும் படக் கூடாது. மதியம் ஒரு கைப்பிடி. அவ்வளவுதான்."

"மாத்திர போடறேனேக்கா?"

"மாத்திரைய ஏன் நிறுத்தணும்? அத வழக்கம்போல போட்டுக்கோ."

எங்காவது ஒரு நாள் வீட்டில் சுருண்டு விழுவாள், நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள், அந்த வாய் அடங்கும். அவ்வளவுதான் மூத்தவள் போட்ட கணக்கு. இளையவளின் கையில் தினமும் ஒரு ஸ்டீயரிங் இருக்கிறது என்பதும், அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு வேன் நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதும் அந்தக் கணக்கில் வரவேயில்லை. வன்மத்துக்குக் கண்பட்டை கட்டிய குதிரையின் பார்வை. நேரே எதிரி மட்டும்தான் தெரியும்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை. இளையவள் மாத்திரையை விழுங்கிவிட்டு வாசலுக்கு வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. சாவியைப் பிடித்த விரல்கள் நடுங்கின.

"தல கிர்ருங்குதுக்கா."

"எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு. பல்லக் கடிச்சுக்கோ."

ஒரு பிஸ்கட்டாவது தின்றுவிட்டுப் போ என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் மூத்தவள் படியேறிவிட்டாள்.

வேன் நான்கு தெருக்கள் தாண்டவில்லை. திருப்பத்தில் திரும்பாமல் நேரே போய், டயர் கடை வாசலில் அடுக்கியிருந்த பழைய டயர்களில் மோதி நின்றது. அந்த டயர்கள் மட்டும் இல்லாவிட்டால் பின்னால் கருங்கல் சுவர். பிள்ளைகள் அலறிக்கொண்டு இறங்கினார்கள். பெரும்பாலும் சிராய்ப்புகள். முன் இருக்கையில் இருந்த ஒரு சிறுமிக்கு மட்டும் கை முறிந்து, புருவம் கிழிந்திருந்தது. அவள் மூத்தவளின் மகள்.

மருத்துவமனைக்கு மூத்தவள் ஓடி வந்தபோது மகளுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். "சித்திய எழுப்பினேம்மா, கூப்பிடக் கூப்பிட எழும்பவேயில்ல" என்று குழந்தை தேம்பியது. அடுத்த கட்டிலில் குளுக்கோஸ் ஏறி, இளையவள் அப்போதுதான் கண் திறந்திருந்தாள். சுற்றிலும் குடும்பம் நின்றது.

மருத்துவர் சத்தம் போட்டார். "இந்த மாத்திரையப் போட்டுட்டுப் பட்டினி கெடக்கச் சொன்னது யாரு? இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா ஆளே இல்ல!"

இளையவள் மெல்லச் சொன்னாள்: "யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான் செஞ்சேன். அக்கா அவங்களுக்கு ஒத்துக்கிட்டத சொன்னாங்க. இப்படி ஆகும்னு அவங்களுக்கு என்ன தெரியும்?"

தப்பிக்க வழி திறந்தே இருந்தது. நாலு எட்டு வைத்தால் போதும். ஆனால் மகளின் கட்டுப் போட்ட கையைப் பார்த்த பிறகு மூத்தவளால் ஒரு எட்டும் வைக்க முடியவில்லை.

"தெரியும்" என்றாள். "ஆபத்துன்னு எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. தெரிஞ்சேதான் மறச்சேன். நீ விழணும்னுதான் மறச்சேன்."

கணவன் அவளை முதல் முறை பார்ப்பவன்போலப் பார்த்தான். இளையவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நான் உங்கள அசிங்கப்படுத்தினேன். தப்புதான், பெரிய தப்பு. அதுக்கு நீங்க என்ன ஒரு அற அறைஞ்சிருக்கலாம். என் உயிர எடுக்கப் பாத்தீங்க. ரெண்டும் ஒண்ணில்லக்கா."

மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "அன்னைக்கு நாங்க சிரிக்காம இருந்திருந்தா, இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றாள். 

இளையவளின் வேலை போயிற்று. மயங்கி விழுந்தவள் கையில் எந்தப் பெற்றோர் பிள்ளையை ஏற்றி அனுப்புவார்கள்? மூத்தவள் பள்ளிக்கூடத்துக்கே போய் நடந்ததைச் சொன்னாள், கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். மருத்துவர் எழுதித் தந்த உணவு முறையில் இளையவள் இப்போது மெதுவாகத் தேறி வருகிறாள். குழந்தையின் கை கூடிவிட்டது. அக்கா என்று கூப்பிட்ட வாய் மட்டும் இன்னும் கூப்பிடவில்லை. மூத்தவளும் மன்னிப்புக் கேட்டுப் போகவில்லை. கேட்கும் தகுதி தனக்கு வந்துவிட்டதாக அவள் நினைக்கவில்லை.

சலவைக்கூடத்தில் பக்கத்து மேசைக்காரி ஒரு நாள் அவள் இடுப்பைத் தட்டிச் சொன்னாள். "எனக்கும் அந்த ரகசியத்தச் சொல்லேன்! என் வீட்டுக்காரர் என்ன மூட்டைங்கறார். எளச்சுக் காட்டி அவர் மூக்க அறுக்கணும்."

மூத்தவள் கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள்.

"மொதல்ல போய் ரத்தத்த சோதிச்சுக்கோ. டாக்டர் சரின்னா மட்டும் செய். உன் காலுக்காகச் செய், உன் மூச்சுக்காகச் செய். அடுத்தவங்க மூக்க அறுக்கறதுக்காக மட்டும் வயித்தக் காயப் போடாத. எட கொறையும், நான் இல்லேங்கல. ஆனா அந்தப் பசி சோத்தோட அடங்காது. எதிரியத் திங்கப் போறேன்னு கெளம்பும், கடைசியில நீ பெத்த புள்ளையத்தான் மொதல்ல கடிக்கும்."