தையல் பிரித்த கிரீடம்

எங்கள் அருங்காட்சியகத்தில் வருடத்துக்கு ஒருநாள், ஊர்க்காரர்கள் வீட்டுப் பழம்பொருள்களைக் கொண்டுவந்து காட்டி, அசலா என்று கேட்கலாம். அறிவிப்பு ஒட்டுவது யாரோ, அனுபவிப்பது நான். அன்று காலையிலிருந்து நாற்பத்தொரு பேர். எல்லார் வீட்டிலும் ஒரு ராஜா சாப்பிட்ட தட்டு, ஒரு ராணி தொட்ட விசிறி. இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. டென்மார்க்கில் இத்தனை ராணிகள் இருந்திருந்தால் மாடு கறக்க ஆளே இருந்திருக்காது.

மூன்றரை மணிக்கு, கடையைக் கட்டலாம் என்று எழுந்தபோது ஆஸ்டா முன்க்ஹோல்ம் வந்தார். எழுபது வயது இருக்கும். மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

"ராணியோட இரவு அங்கிம்மா. எங்க அம்மா பெட்ரியா அரண்மனைச் சலவையில வேலை பார்த்தாங்க. ராணி கையால குடுத்தது."

"எல்லா ராணியும் கையாலதான் குடுத்திருக்காங்க" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "பழகிப்போச்சும்மா. மீன் கடையிலகூட 'மகாராணி வர்றாங்க, வழி விடுங்கடா'ன்னுதான் அம்மாவைக் கேலி பண்ணுவாங்க. இப்ப ஊர் வரலாறுன்னு புத்தகம் போடுறாங்க. ஆதாரம் இருந்தாத்தான் பெட்ரியா பேரு வரும்னு, அதைத் தொகுக்குற பாதிரியார் சம்சாரம் கறாரா சொல்லிட்டா. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுத்தாப் போதும்."

பொட்டலத்தைப் பிரித்தேன். அத்தனை மெல்லிய துணி எங்கள் ஊர்ப்பக்கத்துத் துணிப்பெட்டிகளில் கிடைப்பதில்லை. அரண்மனைத் துணி ஒவ்வொன்றிலும் கழுத்தடியில் சிவப்பு நூலால் கிரீடமும் எண்ணும் தைத்திருப்பார்கள், சலவையில் தொலையாமல் இருக்க. இதில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஊசித் துளைகள் தெரிந்தன. கிரீடம், அதன் கீழே பதினேழு என்ற எண். சிவப்புச் சாயம்கூட லேசாக ஒட்டியிருந்தது.

அசல்தான்.  ஆனால் ராணி கொடுத்த துணியில் யாரும் கிரீடத்தைப் பிரிக்க மாட்டார்கள். அதைக் காட்டித்தானே பெருமை அடிப்பார்கள். அரண்மனை வாசல் சோதனைக்குப் பயந்தவள்தான் பிரிப்பாள்.

மறைத்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. துளைகளைக் காட்டி, இருப்பதைச் சொன்னேன்.

ஆஸ்டா அங்கியை ஜன்னலோரம் கொண்டுபோய், துளைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப அம்மா திருடியிருக்காங்க."

"அப்படித்தான் தெரியுது. அசல்னு மட்டும் எழுதித் தர்றேன். மத்தது நமக்குள்ள இருக்கட்டும்."

"வேணாம்." நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "சாகுறதுக்கு முந்தின வாரம்கூட அரண்மனைக் கதையை ஆரம்பிச்சாங்க. 'போதும், உன் புளுகை நிறுத்து'ன்னு கத்தினேன். கத்தினது ஊரு இல்லம்மா, நான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. அப்புறம் என்கிட்ட அதைப் பத்திப் பேசவே இல்லை."

 ஆறிப்போன காபியை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதைத் தொடவில்லை.

"திருடினாங்கன்னே எழுதுங்க" என்றார். "வெறும் அசல்னா, எங்கேயோ சந்தையில வாங்கினதும்பாளுங்க. அரண்மனைக்குள்ள இருந்தவதானே அங்கேருந்து திருட முடியும்?"

துளைகள், எண், திருட்டு, எல்லாவற்றையும் எழுதினேன். கை வலித்தது. கடைசி வரிக்கு வந்தபோது ஆஸ்டா மேசைமேல் குனிந்தார்.

"அம்மா பேரை நல்லாப் பெரிசா எழுதுங்கம்மா."